நீல நிறக் கேனுலா: செம்பூரில் ஐந்து நாள் வீட்டுச் செவிலியர் சேவை

"எந்தக் கையில் ஊசி போடக் கூடாது, பாட்டி?"

வீட்டுக்கு ஊசி போட வந்த செவிலியப் பெண் என் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அதுவரை பையைக்கூடத் திறக்கவில்லை. என் அக்காவுக்கு 2011-இல் இடது மார்பில் அறுவை நடந்தது; அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். அந்தக் கை வீங்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால் அதில் ஊசியைத் தவிர்க்கச் சொல்வார்கள். டிஸ்சார்ஜ் தாளில் அந்தச் செய்தி இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது. அவர் கேட்காமல் இருந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டார். என் மனத்தில் பாதிப் பாரம் அப்போதே இறங்கிவிட்டது.

நான் மும்பையின் மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் 34 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அக்காவுக்கு வயது 74. காலில் தோலடித் தொற்று வந்து மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். மீதி ஐந்து நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை வீட்டிலேயே நரம்பு வழியாக ஏற்றிக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னார். செம்பூருக்கு ஆள் அனுப்பும் ஒரு சேவையை மருமகன் பிடித்துக் கொடுத்தார். ஒரு வருகைக்கு 750 ரூபாய், பொருள்களுக்குத் தனி ரசீது. பெயரை எழுதப் போவதில்லை. அதே நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அந்த இரண்டு வருகைகளும் ஒரே நிறுவனத்தின் வேலை என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

முதலில் வந்தவர் தாராவியில் பிறந்த திருநெல்வேலித் தமிழ்ப் பெண். மருத்துவமனையில் குத்திய இடங்கள் அக்காவின் வலது புறங்கையில் கருநீலமாகக் கன்றியிருந்தன. அந்தப் பக்கமே அவர் போகவில்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முன்கையில் சுற்றி, கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடச் சொன்னார். வயதானவர்களின் தோல் மெல்லியது. இறுக்குப் பட்டையை வெறும் தோலில் கட்டினால் உரிந்துவிடும். அதனால் ரவிக்கைக் கையின் மேலேயே தளர்வாகக் கட்டினார். பிறகு கண்ணால் தேடுவதை விட்டு விரல் நுனியால் தடவித் தேடினார். பளிச்சென்று தெரியும் இரத்தக்குழாயைவிட, அழுத்தினால் மெத்தென்று எழும்பி வரும் இரத்தக்குழாய்தான் நல்லது. இதைப் புதிதாக வரும் மாணவிகளுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியிருக்கிறது.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நாம் பேச்சில் சிரையையும் 'நரம்பு' என்கிறோம், உண்மையான நரம்பையும் 'நரம்பு' என்கிறோம். 'நரம்பு கிடைக்கவில்லை' என்று செவிலியர் சொன்னால் இரத்தக்குழாய் கிடைக்கவில்லை என்று பொருள். ஆனால் மணிக்கட்டின் உட்புறத்திலும் கட்டைவிரல் பக்கத்திலும் நிஜமான நரம்புகள் மேலாகவே ஓடுகின்றன. அங்கே குத்தும்போது மின்சாரம் பாய்ந்ததுபோல் விரல் வரை சுரீர் என்றால் பொறுத்துக்கொள்ளக் கூடாது. உடனே எடுக்கச் சொல்ல வேண்டும். இந்தப் பெண் மணிக்கட்டைத் தொடவே இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், மடங்காத இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்.

அளவு விஷயத்தில் எனக்கு இன்னும் மகிழ்ச்சி. கேனுலா என்பது ஊசியோடு சிரைக்குள் செலுத்தி, ஊசியை உருவிய பின் உள்ளேயே விட்டுவைக்கும் மெல்லிய குழாய். நிறம்தான் அதன் அளவு எண்ணைச் சொல்லும்: பச்சை 18, இளஞ்சிவப்பு 20, நீலம் 22, மஞ்சள் 24. எண் கூடக் கூட ஊசி மெலியும். பெரியதைப் போட்டால்தான் நன்றாக ஏறும் என்று வீட்டில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். செவிலியர்களிலும் சிலர் அப்படித்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அக்காவுக்கு 100 மில்லி சலைனில் கலந்த மருந்து அரை மணி நேரத்தில் ஏற வேண்டும். நிமிடத்துக்கு மூன்று மில்லிக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். நீல நிறக் கேனுலாவில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 35 மில்லி போகும். பிறகு எதற்கு இளஞ்சிவப்பு? மெல்லிய கேனுலாவாக இருந்தால் அதைச் சுற்றி இரத்தம் தாராளமாக ஓடி மருந்தை நீர்க்கச் செய்யும். சிரையின் சுவர் புண்ணாவது குறையும். அவசரமாக இரத்தம் ஏற்ற வேண்டியவருக்குப் பச்சை வேண்டும். அக்காவுக்கு நீலம் போதும்.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தடவி, 30 நொடி அது தானாகக் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஊதவில்லை, விசிறவில்லை. துடைத்த இடத்தை மீண்டும் விரலால் தொட்டுப் பார்க்கவும் இல்லை. முதல் முயற்சி பலிக்கவில்லை. சிரை வழுக்கி விலகியது. ஊசியை உள்ளேயே வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் துழாவாமல் வெளியே எடுத்து, பஞ்சால் அழுத்திப் பிடித்தார். புதிய கேனுலாவைப் பிரித்தார். "இன்னும் ஒரு முறைதான் முயல்வேன் அம்மா. கிடைக்காவிட்டால் எங்கள் மூத்த சிஸ்டரை வரச் சொல்கிறேன்" என்றார். என் கண் கலங்கிவிட்டது. தன்மானம் பார்த்து ஐந்தாறு முறை குத்துகிறவர்களோடு வேலை செய்தவள் நான்.

இரண்டாவது முறை தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துச் சாய்வாகச் செலுத்தினார். ஊசியின் பின்புறச் சிற்றறையில் இரத்தம் தெரிந்ததும் ஊசியைத் தாழ்த்தி, இம்மியளவு முன்னே நகர்த்தி, பிறகு குழாயை மட்டும் உள்ளே வழுக்கவிட்டார். ஊசியை உருவும்போதே அதன் முனையை ஒரு சிறு உலோகக் கவசம் மூடிக்கொண்டது. வெள்ளை நிறத் துளைபடாத டப்பாவில் அதைப் போட்டு, போகும்போது எடுத்துச் சென்றார். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் அதைத்தான் சொல்கின்றன. என் இளவயதில் மூடியைத் திரும்பப் பொருத்தும்போது விரலில் குத்திக்கொண்டு, இரத்தப் பரிசோதனை முடிவுக்காக மாதக்கணக்கில் தூங்காமல் இருந்திருக்கிறேன். அந்தச் சிறு கவசம் அப்போது எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒளி ஊடுருவும் ஒட்டுப்படலம், அதன்மேல் தேதியும் நேரமும், தினமும் மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன், ஒவ்வொரு முறையும் கேனுலாவின் வாய்ப்பகுதியை ஸ்பிரிட் கொண்டு தேய்ப்பது என எல்லாம் ஒழுங்கு. வெள்ளியும் சனியும் குறையில்லாமல் போயின.

ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் வந்தார். இந்தி பேசும் இளைஞர், மரியாதையானவர். கேனுலா இருந்த இடம் சிவந்திருந்தது. தொட்டால் அக்காவுக்கு வலித்தது. "நான்கு நாள் வரை தாங்கும் ஆன்ட்டி" என்று சொல்லி அதிலேயே மருந்தை ஏற்றப் பார்த்தார். நான் விடவில்லை. நாள் கணக்கு இதில் உதவாது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் 3,283 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. மூன்றாம் நாள் கட்டாயமாக மாற்றியவர்களுக்கும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் சிரை அழற்சி ஒரே அளவு, 7 சதவீதம். அதனால்தான் இடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறோம். சிவப்பும் வலியும் சேர்ந்து வந்தால் அது இரண்டாம் நாளானாலும் எடுத்துவிட வேண்டும்.

எடுத்தார். அடுத்து முழங்கை மடிப்பில் இளஞ்சிவப்பைப் போடத் தயாரானார். பையில் வேறு நிறமே இல்லை. மடிப்பில் போட்டால் அக்கா கையை மடக்காமல் சாப்பிடுவது எப்படி? அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பையைக் கட்டிக் கொடுத்தது நிறுவனம். அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். வாதாடாமல், மாலை நான்கு மணிக்கு முதலில் வந்த பெண்ணையே அனுப்பினார்கள்; தாமதத்துக்கு மருத்துவரும் சம்மதித்தார். பழைய இடத்துக்கு மேலே, முன்கையிலேயே, ஒரே முயற்சியில் நீலம் ஏறியது. ஞாயிறன்று இரண்டாவது வருகைக்குப் பணம் வாங்கவில்லை.

வரும் நேரம் சொன்னபடி இருப்பதில்லை. இரண்டு மணி நேரம் முன்பின் ஆகிறது. ரசீதில் 'உபகரணத் தொகுப்பு' என்று மொத்தமாக எழுதுகிறார்கள். பிரித்துக் கேட்டால் கொடுக்கிறார்கள். இவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்களன்று கடைசி மருந்து முடிந்ததும் கேனுலாவை மெதுவாக உருவி, முனை முழுதாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, அக்காவிடமும் காட்டினார் அந்தப் பெண். மறுபடி தேவைப்பட்டால் அவரையே கேட்டு அழைப்பேன். அவர் விடுப்பில் இருந்தால், வருபவரின் பையில் நீலமும் மஞ்சளும் இருக்கின்றனவா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிட்டுத்தான் முன்பதிவு செய்வேன். நீங்களும் கேளுங்கள்.