அழ மறுக்கும் குரல்: ஜெனட் மெக்கர்டியின் ஒலிநூல்

நூலின் பெயரைத் தமிழில் சொல்லிப் பார்த்தபோதே தடுமாறிவிட்டேன். 'ஐ'ம் கிளாட் மை மாம் டைட்' என்ற தலைப்பை 'என் அம்மா இறந்ததில் எனக்கு மகிழ்ச்சி' என்று பெயர்த்தால் இரங்கல் கூட்டத்தில் வாய் தவறிச் சொன்னது போலிருக்கிறது. 'அம்மா செத்தது நல்லதாப் போச்சு' என்றால் தெருச்சண்டையின் தொனி வந்துவிடுகிறது. 'காலமானார்' என்ற சொல்லோ அந்த வாக்கியத்துக்குள் நுழையவே மறுக்கிறது. சமையலறையில் கீரை ஆய்ந்தபடி ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த முதல் நாள், "யாரது, இவ்வளவு வேகமாப் பேசுறது?" என்று என் அம்மா கேட்டார். "ஒரு நடிகை, தன் கதையைச் சொல்றாங்கம்மா" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். மறுநாளிலிருந்து காதொலிப்பான் மாட்டிக்கொண்டுதான் கேட்டேன்.

ஜெனட் மெக்கர்டி 1992-இல் பிறந்தவர். கலிஃபோர்னியாவின் கார்டன் குரோவில் வளர்ந்தவர்; மார்மன் என்ற கிறித்தவப் பிரிவைப் பின்பற்றிய குடும்பத்தில் மூன்று அண்ணன்மார்களுக்குப் பின் பிறந்த கடைக்குட்டி. 2007 முதல் 2012 வரை நிக்கலோடியன் என்ற சிறுவர் தொலைக்காட்சியில் வந்த 'ஐகார்லி' தொடரில் சாம் பக்கெட் என்ற பாத்திரம்தான் அவரை உலகறியச் செய்தது. வீட்டிலிருந்தபடியே இணைய நிகழ்ச்சி நடத்தும் பள்ளி மாணவிகளின் கதை அது. நாயகி கார்லி சமர்த்து. தோழி சாம் அடாவடி, வாயாடி, யாருக்கும் அடங்காதவள், எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டிருப்பவள். அந்தப் பாத்திரத்தின் பெயராலேயே தெருவில் அழைக்கப்பட்டு, அதை ஆண்டுக்கணக்கில் வெறுத்து, கடைசியில் நடிப்பையே விட்டு எழுத்துக்கு வந்தவர் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து எழுதிய நூல் 2022 ஆகஸ்டில் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பாக வந்தது. அச்சுப் பிரதிகள் சில நாள்களிலேயே கடைகளில் தீர்ந்துபோயின. நான் எடுத்துக்கொண்டது அவரே வாசித்திருக்கும், ஆறரை மணி நேரத்துக்குச் சற்றே குறைவான ஒலிநூலை. அச்சில் படித்த தோழி ஒருத்தியுடன் பேசியபோது, நாங்கள் இருவரும் இரு வேறு நூல்களைப் பற்றிப் பேசுவது போலிருந்தது.

அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதை நூலின் தொடக்க அத்தியாயமே காட்டிவிடுகிறது. ஆறாவது பிறந்தநாள். ஜூன் மாதக் கடைசியில், கிறிஸ்துமஸ் தாளில் சுற்றிய பரிசு ஒன்று சிறுமியின் முன்னால் இருக்கிறது. தாளைச் சேர்த்துவைப்பது அம்மாவுக்குப் பிடிக்கும் என்பதால், ஒட்டிய இடத்தில் கிழியாமல் பிரிக்கிறாள். உள்ளே இருக்கும் உடை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் முகத்தில் மகிழ்ச்சியை வரவழைத்துக்கொள்கிறாள், அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாரே. மெழுகுவத்தியை ஊதும்போது, அம்மா இன்னும் ஓராண்டு உயிரோடிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாள். அவளுக்கு 2 வயதாக இருந்தபோது அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டிருந்தது. அதிலிருந்து மீண்ட பிறகும், அந்நாள்களில் எடுத்த வீட்டுக் காணொளியை ஞாயிறுதோறும் குடும்பமே உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். வீடு துக்கத்தில் இருந்தபோது 2 வயதுக் குழந்தை உற்சாகமாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடியதை அம்மா ஒவ்வொரு முறையும் குறையாகச் சொல்லிக் காட்டுவாராம்.

தாளில் இதைப் படிக்கும்போது கண் தானே நின்றுவிடும், ஒரு நிமிடம் யோசிக்கும். ஒலிநூலில் மெக்கர்டி நிற்பதே இல்லை. ஏற்ற இறக்கம் குறைவான, சற்றே அவசரமான குரலில், கடைக்கு வாங்கப் போகும் சாமான்களைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போகிறார். நூலின் முதற்பகுதி முழுவதும் நிகழ்காலத்தில், அந்தந்த வயதுச் சிறுமியின் அறிவுக்கு எட்டியவரையே எழுதப்பட்டிருக்கிறது; அம்மா செய்வது கொடுமை என்று அவள் எங்குமே சொல்வதில்லை, ஏனென்றால் அவளுக்கு அது தெரியாது. வளர்ந்த பெண்ணின் குரல் அதைப் படிக்கும்போது ஒரு சிறு கசப்பையாவது சேர்த்துவிடலாம். அவர் சேர்க்கவில்லை. வளர்ந்த பிள்ளையையும் அம்மாவே குளிப்பாட்டுவது, படுக்கையறைகளில் பழைய சாமான்கள் அடைந்துகிடப்பதால் பிள்ளைகள் கூடத்தில் மடிப்பு மெத்தைகளில் தூங்குவது, அம்மாவின் முகக்குறிப்பைப் படித்தே அன்றைய நாள் எப்படியிருக்கும் என்று கணிப்பது எல்லாமே அந்தக் குரலில் வெகு இயல்பான குடும்ப வழக்கங்களாக ஒலிக்கின்றன. கேட்பவருக்குத்தான் வயிறு பிசைகிறது.

குழந்தை நட்சத்திரமாக இருந்தபோது மெக்கர்டிக்குத் தொழிலில் பெயர் வாங்கித் தந்த திறமை, சொன்ன மாத்திரத்தில் அழுவது. நடிகர் தேர்வு நடக்கும் அறையில் தேர்வாளர் கேட்டதும், தன் குடும்பத்தில் ஒருவர் செத்துப்போவதாகக் கற்பனை செய்துகொண்டு கண்ணீர் விடுவாள் அந்தச் சிறுமி. பிறகு ஒருநாள் கண்ணீர் வரவில்லை. தனக்கு நடிப்புப் பிடிக்கவில்லை என்று காரில் திரும்பும்போது சொல்லிவிடுகிறாள். உடனே அம்மா அழத் தொடங்க, மகள் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாள். நடிகையாக வேண்டும் என்பது அம்மாவின் நிறைவேறாத ஆசை. மகளுக்கோ எழுதுவதில்தான் நாட்டம். 10 வயதில் திரைக்கதை ஒன்றையே எழுதிக் காட்டுகிறாள். எழுத்தாளர்கள் நன்றாக உடுத்தமாட்டார்கள், உடம்பு பெருத்துவிடும் என்று அம்மா அதை ஒதுக்கிவிடுகிறார். இந்தப் பின்னணியோடு கேட்கும்போதுதான் ஒலிநூலின் அந்தத் தட்டையான குரலுக்கு உண்மையான பொருள் கிடைக்கிறது. கேட்டவுடன் அழுதுகாட்டியே குடும்பத்துக்குச் சோறு போட்ட ஒருவர், தன் வாழ்க்கையைச் சொல்லும் இடத்தில் நமக்காக அழுதுகாட்ட மறுக்கிறார். ஓரிரு இடங்களில் குரல் தழுதழுக்கப் பார்க்கிறது. அங்கும் வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். தொழில்முறை வாசிப்பாளர் எவரைக் கொண்டும் இதைச் செய்திருக்க முடியாது.

சாம் பக்கெட் பற்றிய பகுதிகளே இந்நூலின் நடுநாயகம் என்பேன். உடல் வளர்வதை எப்படித் தடுப்பது என்று 11 வயதில் கேட்ட மகளுக்கு, உணவைக் குறைப்பதை ஏதோ ரகசிய விளையாட்டைப் போல அம்மாவே கற்றுத் தருகிறார். இருவரும் அதில் கூட்டாளிகளாகிறார்கள். அந்தப் பழக்கத்தோடு வளரும் பெண்ணுக்குத்தான், பொரித்த கோழியும் கையுமாகத் திரியும் பாத்திரம் வாய்க்கிறது. தெருவில் காண்பவர்களெல்லாம் கோழி எங்கே என்று கத்திக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். அவருக்கு அது ஒவ்வொரு முறையும் ஊசி. தன்னைப் புகழ்பெறச் செய்த பாத்திரத்தைப் பற்றி நடிகைகள் பேசும்போது 'அவளிடமிருந்து துணிவைக் கற்றுக்கொண்டேன்' என்ற வகையில் ஏதாவது சொல்வது வழக்கம். பேட்டிகளில் கேட்டுக் கேட்டு நமக்கும் அது பழகிவிட்டது. மெக்கர்டி அப்படி எதுவும் சொல்வதில்லை. சாம் எதையும் யாரிடமும் கேட்காமல் எடுத்துத் தின்பவள். தானோ சூயிங்கம் மெல்லவும் கணக்குப் பார்ப்பவள். இந்த முரணை அவர் விளக்கிக்கொண்டிருக்கவில்லை, இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

தொலைக்காட்சித் தொழிலைப் பற்றிய செய்திகளை எதிர்பார்த்து வாங்குவோருக்கு ஓரளவுதான் கிடைக்கும். தொடரை உருவாக்கியவரை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 'படைப்பாளர்' என்ற பட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த மனிதர் ஒரு நேரம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதையும் மறுநேரம் நடுங்க வைப்பதையும் சொல்கிறார். 'ஐகார்லி'யிலிருந்து கிளைத்து, 2013-இல் தொடங்கி 2014-இல் நின்றுபோன 'சாம் அண்ட் கேட்' தொடரில் உடன் நடித்த பாடகி அரியானா கிராண்டே இசை நிகழ்ச்சிகளுக்காக விடுப்பு எடுத்துக்கொண்டே இருக்க, தான் மட்டும் தளத்தில் கிடந்து உழன்றதைப் பொறாமையை மறைக்காமலே எழுதியிருக்கிறார். முந்தைய இரவு ஹாலிவுட் நட்சத்திரம் டாம் ஹாங்க்ஸ் வீட்டில் விளையாடியதாக அரியானா சொன்ன அந்த நொடியில் தனக்கு எல்லாம் விட்டுப்போயிற்று என்கிறார். சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. அத்தொடர் முடிந்தபோது, நிக்கலோடியனில் தனக்கு நேர்ந்தவற்றைப் பொதுவெளியில் பேசாமலிருக்க 3,00,000 டாலர் தர முன்வந்தார்கள் என்றும், தான் அதை மறுத்துவிட்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். எனக்கு இந்தப் பகுதி இன்னும் நீண்டிருக்கலாம் என்று பட்டது. சிறாரை வைத்துத் தொடர் எடுக்கும் ஒரு நிறுவனம் எப்படி இயங்குகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவர் இவ்வளவு சுருக்கமாகக் கடந்துபோனது ஏமாற்றமே.

2013-இல் அம்மாவின் மரணத்தோடு நூல் இரண்டாகப் பிரிகிறது. முன்னுரையிலேயே அந்த மருத்துவமனைக் காட்சி வந்துவிடுகிறது: நினைவிழந்து கிடக்கும் அம்மாவை எழுப்ப, அண்ணன்கள் ஒவ்வொருவராகத் தங்கள் நல்ல செய்தியைச் சொல்லிப் பார்க்கிறார்கள். தன் முறை வந்ததும் மகள் சொல்லும் நல்ல செய்தி, அம்மா விரும்பிய எடைக்குத் தான் இறங்கிவிட்டேன் என்பது. இதையும் அவர் நாடகமாக்காமல்தான் வாசிக்கிறார்.

இரண்டாம் பகுதி முதற்பகுதியின் தரத்துக்கு வரவில்லை. குடி, வாந்தியெடுத்து உணவை வெளியேற்றும் நோய், ஒட்டாத காதல்கள் என்று நிகழ்வுகள் அடுக்கப்படுகின்றன. அத்தியாயங்கள் 91, பெரும்பாலானவை மிகச் சிறியவை. முதற்பகுதியில் குழந்தையின் நினைவுபோல இயல்பாக இருந்த அந்தத் துண்டுத்தன்மை, பின்பகுதியில் அவசரமாகத் தெரிகிறது; பல துண்டுகள் நறுக்கென்ற வரியொன்றில் முடிவதும் ஒரு கட்டத்தில் பழகிப் புளித்துவிடுகிறது. ஆனால் இங்கேயும் விலக்க முடியாத ஒரு பகுதி உண்டு. அம்மா செய்தது கொடுமை என்ற சொல்லை முதன்முதலில் உச்சரிக்கும் மனநல ஆலோசகரை மெக்கர்டி உடனே விட்டுவிடுகிறார். அந்தச் சொல்லை ஏற்றால் தன் குழந்தைப் பருவம் முழுவதையும் வேறு விதமாக அடுக்க வேண்டியிருக்கும் என்ற அச்சம் அது. வேறொருவரிடம் போய், நோயிலிருந்து தட்டுத்தடுமாறி வெளியே வர ஆண்டுகள் ஆகின்றன. வழுக்கி விழுந்ததையெல்லாம் மறைக்காமல் சொல்கிறார். மனமாற்றத்தை ஒரே இரவில் நடத்திக் காட்டும் தன்வரலாறுகள் மலிந்திருப்பதால் இது எனக்குப் பிடித்தது.

'ஐகார்லி' 2021-இல் மீண்டும் எடுக்கப்பட்டபோது, கார்லியாக நடித்த மிராண்டா காஸ்குரோவ் தொலைபேசியில் அழைத்து, திரும்ப நடிக்க வருவது பற்றிப் பேசுகிறார். பழைய தோழிக்கு வருத்தம் தராமலும் தன் முடிவிலிருந்து பிறழாமலும் மெக்கர்டி மறுக்கும் அந்த உரையாடலில், 5 வயதுப் பிள்ளையைப் போல எல்லாருக்கும் தலையாட்டிய பெண் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பது தெரிகிறது. அந்த உரையாடலில் உபதேசம் எதுவும் கிடையாது.

வாங்க நினைப்போருக்குச் சில செய்திகள். உணவுக் கோளாறுகளின் விவரிப்பு கூர்மையாகவும் அடிக்கடியும் வருகிறது. அத்தகைய சிக்கலில் இருப்பவர்களோ அண்மையில் மீண்டவர்களோ தள்ளிப்போடுவது நல்லது. அட்டையில் சிரித்தபடி சாம்பல் கலசம் ஏந்தி நிற்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு நகைச்சுவை நூல் என்று எண்ணி எடுத்தால் ஏமாறுவீர்கள், ஆனால் சிரிக்காமல் இருக்கவும் முடியாது. அத்தியாயங்களுக்குப் பெயர் இல்லை, எண் மட்டுமே என்பதால், கேட்ட இடத்தை மறுபடி தேடிப் பிடிப்பது தொல்லை. நான் பிறந்தநாள் பரிசுக் காட்சியைத் தவிர வேறெதையும் ஒரே முயற்சியில் கண்டுபிடிக்கவில்லை. அவர் வேகமாகவே படிப்பதால், ஒலிநூல்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கும் பழக்கமுள்ளவர்கள் இதை மட்டும் உள்ள வேகத்திலேயே விட்டுவிடலாம். அப்படிக் கேட்டால்தான், அம்மாவின் கல்லறைக் கல்லில் இடமில்லாமல் நெருக்கிப் பொறித்திருக்கும் புகழ்ச்சொற்களை அவர் ஒவ்வொன்றாக வாசித்து, இதெல்லாம் உண்மைதானா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் இடத்தில் விழும் அந்தச் சின்ன இடைவெளி காதில் படும்.