தட்டு சுடும் கண்ணாடி: நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

பறக்கும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் ட்ராப், ஸ்கீட் விளையாட்டுகளைப் பழகத் தொடங்குபவர்கள் கண்ணாடி வாங்கப் போனால் முதலில் எழும் கேள்வி, ‘மஞ்சளா, ஊதாவா?’ என்பதுதான். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். லென்ஸ் எந்த அடியைத் தாங்கும் என்பது முதலில். துப்பாக்கியைக் கன்னத்தில் அணைத்தபின் கண் லென்ஸின் எந்த மூலை வழியாகப் பார்க்கிறது என்பது அடுத்து. நிறம் அதற்குப் பிறகு.

களிமண் தட்டு என்ற பேர்தான். அதில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் தூளைத் தார்ப்பிசினோடு சேர்த்து அழுத்திய வட்டு அது. சர்வதேசப் போட்டித் தட்டின் விட்டம் 110 மி.மீ., எடை 105 கிராம். உடைந்தால் கூரான சில்லு. ட்ராப்பில் தட்டு நம்மை விட்டு விலகிப் பறப்பதால், எதிர்க்காற்றில் தூள் வந்து விழுவதோடு சரி; பக்கத்தில் நிற்பவரின் ஆட்டோ துப்பாக்கி துப்பும் காலித் தோட்டாதான் அங்கே பெரிய தொல்லை. ஸ்கீட்டில் எட்டாவது நிலையில் நின்றால் தட்டுகளை எறியும் இரண்டு வீடுகளும் சுமார் 18 மீட்டரில் இருக்கும். தட்டு தலையைத் தாண்டுமுன் உடைக்க வேண்டும். சில்லுகள் நம் பக்கமே வரும். ஸ்கீட் சுடுபவர் பக்கவாட்டையும் மூடும் வளைந்த கண்ணாடியைத்தான் எடுக்க வேண்டும். ட்ராப் மட்டும் சுடுபவருக்குத் தட்டையான கம்பி ஃப்ரேமும் போதும்.

முத்திரைகள் சொல்வது, சொல்லாதது

கண்ணாடியில் பொறித்திருக்கும் அமெரிக்கப் பாதுகாப்புத் தர முத்திரையில் ‘இசட்87’ என்று மட்டும் இருந்தால் அடிப்படைச் சோதனைதான்: ஓர் அங்குல எஃகுக் குண்டை 127 செ.மீ. உயரத்திலிருந்து போடுவார்கள். பின்னால் கூட்டல் குறி இருந்தால் 6.35 மி.மீ. குண்டை வினாடிக்கு சுமார் 46 மீட்டர் வேகத்தில் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பிய இஎன் 166 தரத்தில் ‘எஃப்’ எழுத்து ஏறக்குறைய இதற்குச் சமம்: 0.86 கிராம் குண்டு, 45 மீட்டர் வேகம். அமெரிக்க ராணுவத் தரம் இன்னும் கடுமை, 0.15 அங்குலத் துண்டை வினாடிக்கு சுமார் 200 மீட்டர் வேகத்தில் சுட்டுச் சோதிக்கிறார்கள்.

இப்போது ஒரு கணக்கு. ‘எஃப்’ சோதனைக் குண்டின் ஆற்றல் 0.9 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. தோட்டாவிலிருந்து சிதறிப் பறக்கும் 2.4 மி.மீ. ஈய மணி ஒன்றின் எடை சுமார் 0.08 கிராம், 200 மீட்டர் வேகத்துக்குத் தளர்ந்த பிறகும் அதில் 1.6 ஜூல் இருக்கும். சில்லுக்கும் தெறித்து வரும் மணிக்கும்தான் இந்த முத்திரைகள் காவல். நேராக வரும் சூட்டைத் தடுக்கும் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பாலிகார்பனேட்டா, ட்ரைவெக்ஸா?

சாதாரணக் கண்ணாடி லென்ஸும் சிஆர்-39 பிளாஸ்டிக்கும் பார்வைக்குத் துல்லியமானவை. ஆனால் பலத்த அடி விழுந்தால் உடைந்து, அந்தத் துண்டே கண்ணுக்குள் போகும். இரண்டையும் ஒதுக்கிவிடலாம்.

பவர் இல்லாதவருக்கு அடி தாங்கும் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் போதும். நிறமே இல்லாத லென்ஸ்கூடப் புற ஊதாக்கதிரைத் தடுத்துவிடும். அசிட்டோன் பட்டால் வெடிப்பு விடும், கீறலும் எளிதில் விழும். துப்பாக்கி துடைக்கும் திரவம் பட்ட கையோடு தொடக் கூடாது. தூசியை முதலில் தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவிய பின்பே துணி. சட்டை நுனியால் துடைத்தே பாதி லென்ஸ்கள் பாழாகின்றன.

பவர் அதிகமானவருக்கு, அதேபோல அடி தாங்கும் இன்னொரு பிளாஸ்டிக்கான ட்ரைவெக்ஸ்தான். காரணம், துப்பாக்கியை அணைக்கும்போது தலை குனிந்து திரும்புகிறது. வலக்கைக்காரரின் வலக்கண் லென்ஸின் நடுவை விட்டு மூக்கோரமாக, மேல் மூலை வழியாகப் பார்க்கிறது. மைனஸ் 4 பவரில் நடுவிலிருந்து 10 மி.மீ. விலகிப் பார்த்தால் லென்ஸ் 4 டயாப்டர் பட்டகமாக வேலை செய்யும். இதை லென்ஸின் அபே எண்ணால் (எண் கூடினால் நிறங்கள் பிரிவது குறையும்) வகுத்தால் நிறப்பிரிகை எவ்வளவு என்று தெரியும். பாலிகார்பனேட்டின் அபே எண் 30, விடை 0.13. ட்ரைவெக்ஸுக்கு ஏறத்தாழ 44, விடை 0.09. இது 0.1ஐத் தாண்டும்போது தட்டின் விளிம்பில் நிறக்கோடு பலருக்குத் தெரியத் தொடங்கும்.

பவர் உள்ளவருக்கு ஐந்து வழிகள்

அன்றாடக் கண்ணாடியோடு சுடுவது மலிவு, ஆனால் படுமோசம். மேல் விளிம்பு பார்வைக் கோட்டிலேயே வந்து நிற்கும். தலையைத் தூக்கினால் கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு எழும். சூடு தட்டுக்கு மேலே போகும். அதன்மேல் பெரிய பாதுகாப்புக் கண்ணாடி மாட்டினால் காவல் கிடைக்கும், விளிம்புச் சிக்கல் அப்படியே இருக்கும். உள்ளே செருகும் பவர் சட்டத்தில் நான்கு பரப்புகளில் ஆவி படியும். சென்னை போன்ற புழுக்கமான ஊரில் இரண்டு ரவுண்டுக்கு மேல் தாங்காது. எஞ்சியது, மூக்குப் பட்டையை உயர்த்தக்கூடிய சுடுதல் ஃப்ரேமில், லென்ஸின் ஒளிமையத்தை மேலேற்றிப் பவர் போட்டுக்கொள்வது. செலவு அதிகம்தான், ஆனாலும் எங்கள் ஓட்டு அதற்கே. கான்டாக்ட் லென்ஸ் ஒத்துக்கொள்பவர் அதைப் போட்டு மேலே பவர் இல்லாத கண்ணாடியை மாட்டினால் இத்தனை தலைவலியும் இல்லை.

கடையில் சோதிக்க ஒரு கம்பு போதும். தோளில் வைத்துக் கன்னத்தை அழுத்தி, எதிர்ச்சுவரின் உச்சியைப் பாருங்கள். ஃப்ரேமின் மேல் விளிம்பு கண்ணில் பட்டால் வேறு ஃப்ரேம். கன்னத்து எலும்பில் லென்ஸ் இடித்தாலும் வேண்டாம்; ஒவ்வொரு சூட்டின் உதைப்பிலும் அது மூக்கை அறுக்கும்.

இனி நிறம்

எந்த நிறமும் வெளிச்சத்தைக் கூட்டாது, குறைக்கத்தான் செய்யும். மஞ்சள் நீலத்தை வெட்டுவதால் மூடுபனியிலும் மேகமூட்டத்திலும் தட்டு பளிச்சென்று தோன்றும். பச்சை மரங்களுக்கு எதிரே ஆரஞ்சுத் தட்டு பறந்தால் ஊதா வெல்லும். அது பச்சையை அமுக்கி ஆரஞ்சை விட்டுவைக்கும். வெட்டவெளி வானமும் உச்சி வெயிலும் என்றால் பழுப்பு அல்லது சாம்பல். கண் கூசாத அளவுக்கு, முடிந்தவரை வெளிர்நிறமே மேல். கண்மணி அதிகம் விரிந்தால் கூர்மை குறையும். போட்டித் தட்டுகள் கறுப்பு, வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு என எதுவாகவும் இருக்கலாம். மைதானத்தில் எது பறக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சிவப்பு–பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாதவர்கள் விளம்பரத்தை நம்பாமல் அங்கேயே இரவல் வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் வேண்டாம். மேகம் வந்தபின் தெளியப் பல நிமிடம் எடுக்கும். போலரைஸ்டு லென்ஸ் மீன்பிடிக்கப் போகிறவருக்கு. தட்டின் வளைவில் மின்னும் ஒளியையும் அது விழுங்கிவிடும். லென்ஸ் மாற்றும் பெட்டி வாங்கினால் ஏழெட்டு நிறம் தேவையில்லை: நிறமற்றது, வெளிர் மஞ்சள், ஊதா, பழுப்பு. மிச்சம் பெட்டியிலேயே கிடக்கும்.