ஜியோஜீப்ரா: கோடும் கதிரும் புரிய நல்ல ஆப்

பிள்ளைகளுக்குக் கோடு, கதிர், கோட்டுத்துண்டு மூன்றும் குழம்புகிறதா, யோசிக்காமல் ஜியோஜீப்ராவை போனில் போட்டுக் கொடுங்கள், இலவசம்தான். கரும்பலகையில் எந்தக் கோடும் எங்கேயாவது நின்றுதானே ஆக வேண்டும், இதில் திரையை எவ்வளவு சுருக்கினாலும் கோடு இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருக்கும், கதிர் மட்டும் ஒரு முனையில் புள்ளியோடு நின்றுவிடும். எனக்கு ரொம்பப் பிடித்தது கதிர் கருவி. முதலில் தொடும் புள்ளிதான் தொடக்கப்புள்ளி. ஏ, பி என்று தொட்டு ஒன்று, அப்புறம் பி, ஏ என்று தொட்டு இன்னொன்று போட்டுப் பாருங்கள், இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடும். கோட்டுக்கு அந்த வித்தியாசமே கிடையாது. மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலை இது. பாடப்புத்தகத்தில் வரும் அம்புக்குறியைக் கோட்டின் முனையில் எதிர்பார்க்காதீர்கள், அதை மட்டும் முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.