மெல்லிசு அலுமினியம் ஷீட்டுக்கு கிராக் டெஸ்ட்: பீன்யா லேப் எப்படி?

அலுமினியம் ஷீட்டுக்கு ஃப்ராக்சர் டெஸ்ட் (கிராக் விழுந்த ஷீட் எவ்ளோ தாங்கும்னு பாக்கறது) எங்க குடுக்கலாம்னு தேடுறவங்களுக்காக எழுதுறேன். எங்களோடது 2024-டி3ங்கற அலுமினியம் அலாய், தடிமன் 1.6 மில்லிமீட்டர். பெங்களூர் பீன்யால ஒரு தனியார் லேப்ல குடுத்தோம், ரேட் ஜாஸ்திதான், ஆனா மறுபடி அங்கதான் குடுப்பேன்.

முதல்ல விசாரிச்ச வேற ஒரு லேப்ல தடிமன் எவ்ளோன்னு கூட கேக்காம இ399 (ஃப்ராக்சர் டஃப்னஸ் அளக்குற ஏஎஸ்டிஎம் ஸ்டாண்டர்ட்) பண்ணித் தர்றோம்னு கொட்டேஷன் அனுப்பிட்டாங்க. இந்த அலாய்ல அந்த ஸ்டாண்டர்ட் படி செல்லுபடியாகற கே-ஒன்-சி (கிராக் ஓடாம உலோகம் எதிர்க்கிற டஃப்னஸ் அளவு) வரணும்னா சுமார் 25 மில்லிமீட்டர் தடிமனாவது வேணும், நம்ம ஷீட்ல அது நடக்காது. பீன்யால போன்லயே இதைச் சொல்லிட்டாங்க, இன்னொரு ஏஎஸ்டிஎம் ஸ்டாண்டர்டான இ561 படி ஆர்-கர்வ் (கிராக் நீள நீள எதிர்ப்பு எப்படி ஏறுதுன்னு காட்டுற கிராஃப்) எடுங்க, ஃபேட்டிக்ல கிராக் வளர்ற வேகத்துக்கு இ647 பண்ணுங்க, ரோலிங் டைரக்‌ஷன் எதுன்னு ஷீட்லயே மார்க் பண்ணி அனுப்புங்கன்னாங்க.

400 மில்லிமீட்டர் அகலப் பேனல், நடுவுல ஒயர்கட்ல (மின்பொறி விடுற மெல்லிய ஒயரால வெட்டுறது) ஸ்லிட் போட்டு, ஃபேட்டிக் லோடுல, அதாவது திரும்பத் திரும்ப இழுத்து விட்டு, நிஜ கிராக்கா வளர்த்துட்டுதான் ஆர்-கர்வ் ஆரம்பிச்சாங்க. எனக்கு ரொம்ப திருப்தியா இருந்தது ஆன்டி-பக்ளிங் கைடு. மெல்லிசு ஷீட்டை மேலயும் கீழயும் இழுத்தா கிராக்கோட ரெண்டு ஓரமும் பக்கவாட்டுல அமுங்கி வெளிய உப்பிக்கும், அப்படியே விட்டா டஃப்னஸ் கம்மியா காட்டும், கம்ப்ளையன்ஸ் (லோடுக்கு எவ்ளோ விரியுதுங்கறது) வச்சு கணக்கு போடுற கிராக் நீளமும் தப்பாயிடும். இவங்க ரெண்டு பக்கமும் பிளேட் வச்சு, உரசாம இருக்க டெஃப்லான் ஷீட் குடுத்து, கிராக் போற வழிய மட்டும் ஜன்னலா திறந்து விட்டிருந்தாங்க. அது வழியா மைக்ரோஸ்கோப்ல இடது முனை, வலது முனை ரெண்டையும் தனித்தனியா அளந்தாங்க, ஒரு பக்கம் மட்டும் வேகமா ஓடுனா அந்த ரீடிங்கே செல்லாதுல்ல.

குறைன்னா, பெரிய மெஷின் ஒண்ணே ஒண்ணுதான், க்யூ நீளம். ரிப்போர்ட்ல கிராஃப் மட்டும் போட்டு அனுப்பினாங்க, லோடு, கிராக் ஓப்பனிங் ரா டேட்டாவை கேட்டு வாங்க வேண்டியிருந்துச்சு. அது கேக்காமயே தரணும்.

இவ்ளோ பாக்கணுமான்னு கேக்கறவங்க 1988ல அலோஹா ஏர்லைன்ஸ் 737க்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத ஸ்கின், ரிவெட் ஓட்டை ஓட்டையா கிராக் விட்டு, பறக்கும்போதே கூரை பிச்சுக்கிட்டு போச்சு, ஒரு பணிப்பெண் இறந்துட்டாங்க.

குடுக்கறதா இருந்தா ரா டேட்டாவும் வேணும்னு ஆர்டர்லயே எழுதிடுங்க, கிரிப்புக்குள்ள போற நீளத்தையும் சேத்து ஷீட் வெட்டுங்க.