தங்கசாலைப் பழைய கடைவீட்டு மாடி: மெட்ராஸ் டெரஸா, கான்கிரீட்டா?

சென்னையில் தங்கசாலை இருக்கும், 1911-இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறிய பகுதியில் கீழே கடை, மேலே குடியிருப்பு என்ற அமைப்பு இன்றும் உண்டு. மழையில் மாடி ஒழுகினால் 'இடித்துவிட்டு கான்கிரீட் போடுங்கள்' என்பார்கள். பொறுங்கள்.

கட்டுமானம்
மெட்ராஸ் டெரஸ்: சுமார் ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குச் சட்டம். அதன்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைவாட்டமாக, சுண்ணாம்பில் அடுக்குவார்கள். அதற்கும் மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவையை மரக்கட்டையால் தட்டி இறுக்கி, தட்டை ஓடு பதிப்பார்கள்.
கான்கிரீட்: சென்ட்ரிங் (கலவை இறுகும்வரை தாங்கும் தற்காலிகப் பலகை), கம்பி, ஐந்து அங்குலத் தளம்.

எது கெடும்?
டெரஸ்: சுவருக்குள் புதைந்த சட்ட முனை. அங்கே ஈரம் தங்கினால் உளுத்துவிடும், கரையானும் வரும். கூரான கம்பியால் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் அந்தச் சட்டத்தை மட்டும் மாற்றலாம். மேலே சிமென்ட் பூசுவதுதான் பெரிய தவறு: விறைப்பான பூச்சு வெடிக்கும், உள்ளே போன நீர் வெளியேறாது.
கான்கிரீட்: துறைமுகப் பக்கத்து உப்புக் காற்று. கம்பியை மூடும் கலவை குறைந்தால் துரு பிடித்து அடிப்பக்கம் உதிரும்.

ஆள், நேரம்
டெரஸ்: தெரிந்த கொத்தனார் அரிது, சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும்.
கான்கிரீட்: ஆள் கிடைக்கும், ஜல்லி, மணல் இறக்கத்தான் தெருவில் இடமில்லை.

சட்டங்களில் பெரும்பாலானவை உறுதியாக இருந்தால் டெரஸையே சீர் செய்யுங்கள். மேலே இன்னொரு மாடியோ சரக்குக் கிடங்கோ வேண்டுமென்றால் கான்கிரீட். ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவர் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் பார்த்த பிறகே.