பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்: மகனுக்குச் சாமான் வாங்கப் போனோம்

மகன் அடுத்த மாதம் தேசிய சேவைக்காக, அதாவது சிங்கப்பூரின் கட்டாய ராணுவப் பயிற்சிக்காக, தெக்கோங் தீவுக்குப் போகிறான். கோல்டன் மைல் உணவு நிலையத்தின் மேல்தளத்தில், ராணுவச் சாமான் விற்கும் ஆர்மி மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனேன். ஜிப் பை, பூட்டு, பவுடர், கொப்புளத்துக்கு பிளாஸ்டர் எல்லாம் அங்கே கிடைக்கிறது. ஒரு கடைக்காரர், பூட்ஸுக்குள் வைக்கும் மெத்தையைக் காலுக்கு அளந்து அங்கேயே கத்தரித்துக் கொடுத்தார். அருமை. பக்கத்துக் கடையில் வாங்கிய டார்ச் வீட்டுக்கு வந்ததும் எரியவில்லை. முகாமிலேயே முக்கால்வாசிப் பொருள் தருவார்கள், அதனால் அள்ளிக்கொள்ள வேண்டாம்.

“போர் வந்தால் கூப்பிடட்டும், இப்ப எதுக்குப்பா?” என்றான் பையன். 1965இல் மலேசியாவிலிருந்து நாடு பிரிந்தபோது நம்மிடம் இருந்தது இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். 1967இல் கட்டாய சேவை வந்தது. போர் வந்த பிறகு கூப்பிட்டால் பூட்ஸ் கயிறு கட்டத் தெரியாதவன்தான் முன்னால் நிற்பான். என் வாதம் இதுதான். ஆனால் மதநம்பிக்கையால் ஆயுதம் தொட மறுக்கும் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு மாற்றுப் பணி தராமல் தடுப்பறையில் அடைப்பது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. இதை அவனிடமும் சொன்னேன். “அப்போ அரைச் சம்மதமா?” என்று சிரித்தான்.

சில்லறையாகப் பணம் கொண்டு போங்கள். அப்புறம், கீழே சாப்பிடாமல் வராதீர்கள்.