பேன் லோஷனா, பேன் சீப்பா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலைக்கு எது சரி

ஜூனில் பள்ளி திறந்தால் ஜூலைக்குள் தலையைச் சொறிய ஆரம்பித்துவிடுவார்கள். என் இரண்டு பெண்களுக்கும் அடர்ந்த முடி, இரட்டைச் சடை, ரிப்பன். பெஞ்சில் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு ரகசியம் பேசும் வயது. பேன் பறக்காது, குதிக்காது, முடியிலிருந்து முடிக்கு ஊர்ந்துதான் ஏறும். அதற்கு இதைவிட வசதி வேண்டுமா? அழுக்குத் தலையில்தான் பேன் வரும் என்ற பேச்சை முதலில் தள்ளி வையுங்கள். தினமும் தலைக்குக் குளிக்கிற பிள்ளைக்கும் வரும்.

முன்னால் இருக்கும் வழிகள் இவைதான்: மொட்டை, வீட்டு வைத்தியம், மருந்துக் கடை லோஷன், டாக்டர் தரும் மாத்திரை, பேன் சீப்பு. நான் சீப்புப் பக்கம் சாய்ந்துவிட்டவள், அதை மறைக்கப் போவதில்லை.

மொட்டையைப் பற்றிப் பேச அதிகமில்லை. முடியே இல்லாத இடத்தில் ஈர் எங்கே ஒட்டும்? குலதெய்வத்துக்கு வேண்டுதல் பாக்கி இருந்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆறாம் வகுப்புப் பெண்ணிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியும்.

வீட்டு வைத்தியத்தில் வேப்பெண்ணெயோடு நிறுத்திக்கொண்டால் பெரிய ஆபத்தில்லை. நாற்றம் உண்டு, எண்ணெய்ப் பிசுக்கில் பேன் கொஞ்சம் மந்தமாகும், சீப்பும் வழுக்கிக்கொண்டு போகும். வாயில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவதை எந்தப் பாட்டி சொன்னாலும் கேட்காதீர்கள். அது பேனைக் கொல்லும் என்பது உண்மை. அந்தப் பொடி வழிந்து கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும் என்பதும் உண்மை. பிள்ளை எரிகிறது என்று கண்ணைக் கசக்கினால் இன்னும் மோசம். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலப்பதும் அப்படித்தான். சின்னப் பிள்ளை கற்பூரத்தை விழுங்கிவிட்டால் வலிப்பு வரலாம். மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அடுப்பு எரிகிற வீடு.

மாத்திரை என்பது ஐவர்மெக்டின். எடை பார்த்து டாக்டர்தான் எழுத வேண்டும், 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தருவதில்லை. பொதுவாக லோஷன் கைகொடுக்காத இடத்தில்தான் அதற்குப் போகிறார்கள். எங்கள் வீட்டில் அந்த அளவுக்குப் போனதில்லை, அதனால் அனுபவமாக நான் சொல்ல எதுவுமில்லை.

மிச்சம் லோஷனும் சீப்பும். பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன்தான் பரவலாகக் கிடைப்பது. வெறும் ஷாம்பூ போட்டு அலசி, துண்டால் துவட்டிய தலையில் பூசி, பத்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். அதற்கு முன் கண்டிஷனர் போடக் கூடாது, மருந்து முடியில் சரியாகப் பிடிக்காது. வேலை சுலபம், அன்று ராத்திரியே பிள்ளை நிம்மதியாகத் தூங்கும். பரீட்சை நேரத்தில், தலை முழுக்கப் பேன் மொய்க்கும்போது, நானும் லோஷனில்தான் தொடங்குவேன்.

ஆனால் எந்த வழியையும் ஒரே ஒரு கேள்வி கேட்டுத்தான் எடை போடுவேன்: ஈர் என்ன ஆகும்?

பேன் கதை முழுக்க ஈரில்தான் இருக்கிறது. ஒரு பெண் பேன் நாளுக்கு எட்டு ஈர் வரை வைக்கும். ஈர் பொரிய ஒரு வாரம் முதல் பத்து நாள். பொரிந்த குஞ்சு வளர்ந்து தானும் ஈர் வைக்க இன்னும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு நாள். பெர்மெத்ரின் ஓடுகிற பேனைக் கொல்கிறது, ஈருக்குள் இருப்பதை முழுவதும் கொல்வதில்லை. அதனால்தான் ஒன்பதாம் நாள் வாக்கில் மறுபடி பூசச் சொல்கிறார்கள். அந்த இரண்டாம் பூச்சைத்தான் எல்லா வீட்டிலும் விட்டுவிடுகிறோம். அரிப்பு நின்றுவிட்டது, பாட்டிலும் பாதி காலி, யாருக்கு ஞாபகம் இருக்கும்? மாதக் கடைசியில் பழைய கதை, “இந்த லோஷன் வேஸ்ட்” என்று ஒரு தீர்ப்பு. பல நாடுகளில் பெர்மெத்ரினுக்குப் பழகிப்போன பேன்கள் இருப்பதும் தெரிந்த விஷயம்தான். ஒழுங்காக இரண்டு முறை பூசியும் பேன் ஓடினால் அதே மருந்தை மூன்றாம் முறை பூசாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

சீப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது ஈரைக் கொல்ல வேண்டியதே இல்லை. பொரிந்து வரும் குஞ்சு ஈர் வைக்கும் வயதுக்கு வருவதற்குள் அதை வாரி எடுத்துவிட்டால் போதும். பிரிட்டனில் சொல்லும் கணக்கு இது: முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் வாருவது, பதினேழாம் நாள் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது. நான் அதை ஞாயிறு, புதன் என்று மாற்றிக்கொண்டேன். கணக்கு கொஞ்சம் நகர்ந்தாலும் வேலை நடக்கிறது.

வாரும் முறை முக்கியம். தலையை நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாகப் பூசிச் சாதாரணச் சீப்பால் சிக்கெடுக்க வேண்டும். அந்தக் கொழகொழப்பில் பேனால் வேகமாக ஓட முடியாது. அப்புறம் பல் நெருங்கிய ஸ்டீல் சீப்பை மண்டையில் பதிய வைத்து நுனி வரை ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். நுரையோடு எள் மாதிரி ஒன்று ஒட்டும், உற்றுப் பார்த்தால் கால் அசையும். குஞ்சுகள் கடுகில் பாதிகூட இருக்காது, வெள்ளைத் துணி இல்லாவிட்டால் கண்ணுக்குத் தப்பிவிடும். லோஷன் டப்பாவோடு வரும் பிளாஸ்டிக் சீப்பு எங்கள் வீட்டு முடிக்கு வளைந்துகொடுத்துவிட்டது. திருவிழாக் கடை மரச் சீப்பு பெரிய பேனை எடுக்கும், பல் போய்விட்டால் அந்த இடைவெளியில் குஞ்சு தப்பும். ஸ்டீல் சீப்பு ஒருமுறைச் செலவு, வெந்நீரில் போட்டு எடுத்தால் வருஷக்கணக்கில் வரும்.

காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் ஈர் அதிகம். ஊதினால் பறப்பது பொடுகு, நகத்தால் உருவினாலொழிய வராதது ஈர். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே மண்டையை விட்டு நன்றாகத் தள்ளி வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் எப்போதோ பொரிந்துபோன வெற்றுக் கூடு. அதைக் கண்டு பதறி மறுபடி மருந்து பூச வேண்டாம்.

சீப்பின் விலை நேரம்தான். அடர்ந்த தலைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பெரியவள் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாள், சின்னவளுக்கு போனில் கார்ட்டூன் ஓட வேண்டும். இரண்டு வாரம் இப்படி உட்கார முடியாத வீட்டுக்கு லோஷனே மேல், ஒன்பதாம் நாளை காலண்டரில் வட்டம் போட்டுவிட்டால். சுருட்டை முடியில் சீப்பு எப்படிப் போகும் என்று எனக்கு அனுபவமில்லை. சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்திருந்தாலோ, கழுத்தில் நெறி கட்டியிருந்தாலோ இந்த அலசலே வேண்டாம், முதலில் டாக்டர்.

எந்த வழியில் போனாலும் வீட்டில் எல்லாத் தலையையும் ஒரே நாளில் பாருங்கள். பிள்ளைகள் கூடவே படுக்கும் பாட்டியின் கொண்டையை யாரும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. பக்கத்து பெஞ்ச் பிள்ளையின் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தலையை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். தலையணை உறை, ரிப்பன், துண்டு, சீப்பு இவற்றை வெந்நீரில் முக்கி வெயிலில் போட்டால் போதும். மெத்தைக்கு மருந்தடிப்பதெல்லாம் வீண் செலவு.